நம் பக்கத்திலும் ஒரு கணிப்பாளர் வேண்டும்

(தோட்டக் கிளை உறுப்பினர்களும் பெற்றோர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நமது கிளைக் காரியதரிசியும் தோட்டக் கிராணியுமான தோழர் ஆற்றிய உரை)

 

சில நாள்களுக்கு முன் ஒரு பிற்பகல், பால் நிறுத்து முடிந்து கணக்கை ஏட்டில் ஏற்றிக் கொண்டிருந்தேன். நம் தோட்டத்து அண்ணன் ஒருவர் ஆபீஸ் படிக்கட்டில் வந்து நின்றார். முப்பது வருஷமாக மரம் வெட்டுகிறவர். அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. அவருடைய மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்று சொல்லும் காகிதம் அது.

"தம்பி, டாக்டர் படிப்பு என்றால் எனக்குத் தெரியும். டீச்சர் படிப்பு என்றாலும் தெரியும். இது என்ன படிப்பு? பேரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. இன்சூரன்சு சம்பந்தப்பட்டது என்கிறாள். வீடு வீடாக ஏறி இறங்கி இன்சூரன்சு பிடிக்கிற வேலையா? அதற்காகவா கடன் வாங்கிப் படிக்க வைப்பது?" என்று கேட்டார்.

காகிதத்தில் 'ஆக்சுவேரியல் சயன்ஸ்' என்று போட்டிருந்தது. தோழர்களே, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். எனக்கும் பதில் தெரியவில்லை. நானும் உங்களைப் போலத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவன். கணக்கு எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆயினும் கணக்கில் இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. "அண்ணே, இரண்டு வாரம் பொறுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அந்த அண்ணனுக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்ல வந்திருக்கிறேன். ஏனென்றால் அது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. நாளைக்கு உங்களில் யார் வீட்டுக்கும் அந்தக் காகிதம் வரலாம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் இதைக் காப்புறுதிக் கணிப்பியல் என்று சொல்லலாம். அதைக் கற்றுத் தேறியவரைக் கணிப்பாளர் என்போம். ஆங்கிலத்தில் அவருக்கு 'ஆக்சுவரி' என்று பெயர். இந்தச் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு என்ன பொருள் தெரியுமா? நடவடிக்கைகளைக் குறித்து வைப்பவர், கணக்கு எழுதுபவர் என்று பொருள். அதாவது கிராணி! 1762-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் 'ஈக்குவிட்டபிள்' என்ற ஆயுள் காப்புறுதிச் சங்கம் தொடங்கிய போது, அதன் தலைமை உத்தியோகஸ்தருக்கு இந்தப் பெயரைக் கொடுத்தார்கள். அன்று முதல் அது கணித நிபுணரைக் குறிக்கும் பெயராயிற்று. ஆகவே இந்தப் படிப்பின் பெயரைக் கண்டு யாரும் மிரள வேண்டாம்.

சரி, கணிப்பாளர் என்ன செய்கிறார்? நாளைக்கு நடக்கப் போவது நிச்சயமாகத் தெரியாத நிலையில், அதற்கு இன்றைக்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று கணித்துச் சொல்கிறார். ஒரு மனிதன் எப்போது சாவான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பத்தாயிரம் பேரை ஒன்றாக எடுத்துக்கொண்டால், அவர்களில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பார்கள், எத்தனை பேர் கை கால் இழந்து வேலை செய்ய முடியாமல் போவார்கள் என்று பழைய கணக்குகளைக் கொண்டு சொல்ல முடியும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

உங்களுக்கும் இது பழக்கமான விஷயம்தான். ஒரு மரம் இன்று எவ்வளவு பால் கொடுக்கும் என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் உங்கள் நிரையில் உள்ள மரங்கள் எல்லாம் சேர்ந்து இந்த மாதத்தில் எவ்வளவு கொடுக்கும், இலை உதிர்கிற காலத்தில் எவ்வளவு குறையும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். 20 கிலோ பாலில் நூற்றுக்கு 30 பங்கு ரப்பர் இருந்தால் காய்ந்த ரப்பர் 6 கிலோ என்பதும் உங்களுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடக் கிராணியின் கணக்கில் அரைக் கிலோ குறைந்தால் சண்டைக்கு வந்துவிடுவாள்! ஒன்று தெரியாவிட்டாலும் கூட்டம் தெரியும் என்பதுதான் இந்தப் படிப்பின் அடிவேர்.

இந்தக் கணக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டுச் சங்கதியையே சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஒரு மரண சகாய நிதி இருந்தது. 200 குடும்பங்கள் அதில் சேர்ந்திருந்தன. மாதம் 2 வெள்ளி சந்தா. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 1,000 வெள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 4,800 வெள்ளி வசூல். ஆரம்பத்தில் எல்லோரும் வாலிபர்கள். ஆண்டுக்கு ஒரு சாவு, இரண்டு சாவு. கையில் பணம் மிஞ்சியது. மிஞ்சிய பணத்தைத் திருவிழாவுக்கும் கோயில் கூரைக்கும் கொடுத்தார்கள். நல்ல காரியம்தானே என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆண்டுகள் ஓடின. உறுப்பினர்களுக்கு வயது ஏறியது. இளைஞர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். உறுப்பினர் 90 பேராகக் குறைந்தார்கள். வசூல் ஆண்டுக்கு 2,160 வெள்ளி. சாவோ ஆண்டுக்கு ஐந்து, ஆறு. எப்படிக் கட்டும்? கடைசியில் 26 ஆண்டு சந்தா கட்டிய ஒரு பெரியவர் இறந்தார். அவர் கட்டியது 624 வெள்ளி. அவருடைய மனைவிக்குக் கிடைத்தது 300 வெள்ளி. அந்த அம்மாள் சாவு வீட்டிலேயே மண்ணை வாரித் தூற்றினார். "என் புருஷன் காசை யார் தின்றது?" என்று கேட்டார். தோட்டமே காரியதரிசியைத் திருடன் என்றது.

அந்தக் காரியதரிசி என் தகப்பனார். அவர் ஒரு காசு எடுக்கவில்லை. அவர் இறந்த பிறகு அந்த ஏடுகளை எடுத்து நான் வரி வரியாகக் கூட்டிப் பார்த்தேன். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. கணக்கு சுத்தமாக இருந்தது. கணிப்புத்தான் இல்லை. 25 வயதுக்காரனுக்கும் 55 வயதுக்காரனுக்கும் ஒரே சந்தா. வாலிபத்தில் மிஞ்சுகிற பணம் முதுமையில் கொடுக்க வேண்டிய கடன் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறோம். நாங்கள் அளக்காமல் போட்டோம். ஒரு நேர்மையான மனிதர் தலை குனிந்து வாழ்ந்து மறைந்தார்.

தோழர்களே, இந்தத் தவற்றை நாம் மட்டும் செய்தோம் என்று எண்ண வேண்டாம். பெரிய அரசாங்கங்களே செய்திருக்கின்றன. 1690-களில் இங்கிலாந்து அரசாங்கம், பணம் கட்டியவருக்கு ஆயுள் வரை ஆண்டுதோறும் தொகை கொடுக்கும் பத்திரங்களை விற்றது. வாங்குகிறவர் வாலிபரா கிழவரா என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே விலை! எட்மண்டு ஹாலி என்ற அறிஞர் இதைக் கவனித்தார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். பிரெஸ்லாவ் என்ற நகரத்தில் பாதிரியார் ஒருவர் 1687 முதல் 1691 வரை நடந்த பிறப்புகளையும் இறப்புகளையும் வயது வாரியாகக் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு 1693-ஆம் ஆண்டில் ஹாலி ஓர் ஆயுள் பட்டியலை வெளியிட்டார். ஒரு வயதில் 1,000 பேர் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் 20 வயதில் 598 பேரும், 40 வயதில் 445 பேரும், 60 வயதில் 242 பேரும் மிஞ்சியிருக்கிறார்கள். 20 வயதுக்காரன் 40 வயது வரை இருப்பானா என்று கேட்டால், 598 பேரில் 445 பேர், அதாவது ஏறக்குறைய நாலில் மூன்று பேர் இருப்பார்கள் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதைக் கொண்டு வயதுக்கு ஏற்ற விலை என்ன என்று கணித்துக் காட்டினார் ஹாலி.

அதற்குப் பின் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியர் வந்தார். லண்டனில் இருந்த ஓர் ஆயுள் சங்கத்தில் சேரப் போனார். 45 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. எந்த வயதினரும் தம் வயதுக்கு ஏற்ற சந்தாவைக் கட்டிச் சேரலாம். அந்தச் சந்தா ஆயுள் முழுதும் ஏறாமல் ஒரே அளவாக இருக்கலாம். இளமையில் மிஞ்சுவதைச் சேர்த்து வைத்தால் முதுமையில் அது தாங்கும் என்று 1750-களில் கணக்குப் போட்டார். 1757-இல் அவர் காலமாகிவிட்டார். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு அவருடைய கணக்கின் மேல்தான் நான் முன்பு சொன்ன ஈக்குவிட்டபிள் சங்கம் எழுந்தது.

ஸ்காத்லாந்திலும் இதைப் போல் ஒரு காரியம் நடந்தது. பாதிரிமார் இறந்தால் அவர்களுடைய மனைவி மக்கள் தெருவில் நிற்கும் நிலை இருந்தது. ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு பாதிரிமார்கள் நாடு முழுவதும் கடிதம் எழுதி, ஆண்டுக்கு எத்தனை பாதிரிமார் இறக்கிறார்கள், எத்தனை விதவைகள் மிஞ்சுகிறார்கள் என்று விவரம் திரட்டினார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரின் அந்தக் கணக்கைச் சரிபார்த்தார். 1744-ஆம் ஆண்டில் விதவைகளுக்கான நிதி சட்டப்படி ஏற்பட்டது. என் தகப்பனாரும் அந்தப் பாதிரிமாரும் செய்ய நினைத்தது ஒரே காரியம்தான். அவர்கள் பக்கத்தில் ஒரு கணிதப் பேராசிரியர் இருந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. வித்தியாசம் அவ்வளவே.

இதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதை, நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நம் கதைக்கு வருகிறேன்.

ஊழியர் சேமநிதி இந்த நாட்டில் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், முதலாளியும் கட்டுகிறார். கணக்கு எளிதாக இருக்க, இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு 5 என்று கூட்டு வட்டி வைத்தால், 30 ஆண்டில் அது எவ்வளவு ஆகும்? வெறும் பெருக்கல் என்றால் 36,000 வெள்ளி. கூட்டு வட்டியோடு 79,726 வெள்ளி! நாம் போட்டதைவிட வட்டி குட்டி போட்டதே அதிகம். நடுவில் பணத்தை எடுத்தால் குட்டியும் போகும், குட்டியின் குட்டியும் போகும்.

இப்போது மறுபக்கம். 55 வயதில் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு மாதம் 600 வெள்ளி வீதம், அதாவது ஆண்டுக்கு 7,200 வெள்ளி எடுத்துச் செலவு செய்கிறீர்கள். மீதிப் பணம் அதே 5 வட்டியில் இருக்கிறது. எத்தனை நாள் வரும்? பதினாறு ஆண்டு முடியும்போது 3,700 வெள்ளிதான் இருக்கும். பதினேழாம் ஆண்டில் அதுவும் தீர்ந்துவிடும். அப்போது உங்களுக்கு 72 வயது. அதற்கு மேல் ஆண்டவன் ஆயுளைக் கொடுத்தால் அது வரமா, தண்டனையா?

இதற்கு ஒரு வழி, ஆயுள் உள்ளவரை மாதாமாதம் கொடுக்கும் பென்ஷன். 65-இல் இறப்பவரின் மீதி 85 வரை இருப்பவருக்குப் போகும். மொத்தப் பணமாகக் கையில் வாங்கினால் பிள்ளைகளுக்கு ஏதாவது மிஞ்சும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எது நமக்கு நல்லது, எத்தனை வெள்ளி போட்டால் எத்தனை வெள்ளி வரும் என்பதை அடித்துப் பேசுவதற்குக் கணிப்பு வேண்டும். பெர்கேசோ என்று நாம் சொல்லும் சமூகப் பாதுகாப்புத் திட்டமும் அப்படித்தான். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த திட்டம் அது. வேலையில் அடிபட்டவருக்கும், உழைக்க முடியாமல் போனவருக்கும், இறந்தவர் குடும்பத்துக்கும் அது கொடுக்கும் பணம், வசூலாகும் சந்தாவுக்குள் அடங்குமா என்று கணித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணிப்பைச் செய்கிறவர்கள் இந்தப் படிப்புப் படித்தவர்களே. ஆயுள் காப்புறுதிக் கம்பெனி ஒவ்வொன்றும் நியமனக் கணிப்பாளர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆகவே இது வீடு வீடாகப் போய் இன்சூரன்சு பிடிக்கும் வேலை அல்ல. ஏஜண்டு விற்கிறார். விற்கப்படும் பத்திரத்துக்கு என்ன விலை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கம்பெனி எவ்வளவு பணம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சொல்பவர் கணிப்பாளர்.

இனிப் படிப்புக்கு வருவோம். பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு அல்லது நான்கு ஆண்டு. முதல் ஆண்டில் பெரும்பாலும் கணிதம்: நுண்கணிதம், அணிக் கணக்கு, நிகழ்தகவு, புள்ளியியல். அதோடு பொருளாதாரமும் கணக்குப் பதிவும் வரும். அடுத்து வட்டிக் கணக்கு. இன்று கொடுக்கும் ஒரு வெள்ளிக்கும் இருபது ஆண்டு கழித்துக் கொடுக்கும் ஒரு வெள்ளிக்கும் மதிப்பு ஒன்றல்ல என்பதை அது கற்பிக்கும். நான் சற்று முன் போட்டுக் காட்டிய சேமநிதிக் கணக்கு அதில் முதல் பாடம். அதன் பின் ஆயுள் கணிதம். ஹாலியின் பட்டியலையும் வட்டிக் கணக்கையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது அது. மூன்றாம் ஆண்டில் நஷ்டங்களின் கணக்கு, பென்ஷன் நிதிகளின் கணக்கு, கம்ப்யூட்டரில் கணித்துப் பார்க்கும் பழக்கம் எல்லாம் வரும். நடுவில் சில மாதம் கம்பெனியில் தொழிற்பயிற்சி.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கியதும் கணிப்பாளர் ஆகிவிட முடியாது. வெளிநாட்டுத் தொழில் சங்கங்கள் நடத்தும் பரீட்சைகளிலும் தேற வேண்டும். அமெரிக்காவில் ஒரு சங்கம் 1949 முதல் இருக்கிறது. பிரிட்டனில் 1848-இல் ஒன்றும் 1856-இல் ஒன்றுமாகத் தோன்றிய இரண்டு சங்கங்கள் 2010-இல் ஒன்றாக இணைந்தன. நம் நாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். அமெரிக்கச் சங்கத்தின் முதல் பரீட்சை நிகழ்தகவு. மூன்று மணி நேரம், 30 கேள்வி. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அளவுக்குத் தேறாமல் போவது அங்கே சாதாரணம். கட்டணமும் அந்நிய நாட்டுப் பணத்தில். பட்டப் படிப்புக் காலத்திலேயே ஒன்றிரண்டு பரீட்சைகளை முடித்துவிடும் பிள்ளைகள் உண்டு. மீதியை வேலை பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். முழுத் தகுதி பெறப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை ஒரு பரீட்சையில் தவறிவிட்டால் "படிக்கத் துப்பில்லை" என்று ஏசாதீர்கள். ரப்பர் கன்று நட்டு, கத்தி வைப்பதற்கு ஆறேழு வருஷம் காத்திருக்கிறவர்கள் நாம். நமக்குப் பொறுமை சொல்லித்தர வேண்டியதில்லை. இடையில் பிள்ளைக்கு இந்தப் பரீட்சைகள் பிடிக்காமல் போனாலும் படிப்பு வீண் போகாது. கணிதமும் புள்ளியியலும் கற்றவருக்கு வங்கியிலும், கணினித் துறையிலும், பள்ளிக்கூடத்திலும் இடம் உண்டு. கணிதத்தை மட்டும் தனியாகப் பட்டப் படிப்பாக எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு.

இந்தப் படிப்புக்குப் போகும் வழி எங்கே தொடங்குகிறது? பல்கலைக்கழக வாசலில் அல்ல. நான்காம் படிவத்தில் தொடங்குகிறது. அந்த ஆண்டில்தான் நம் பிள்ளைகள் கூடுதல் கணிதம் எடுப்பதா, விடுவதா என்று முடிவு செய்கிறார்கள். "அது கஷ்டம், தேற மாட்டாய்" என்று யாரோ சொல்ல, விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு நாளில் மூடப்பட்ட கதவைப் பிறகு திறப்பது மிகவும் கடினம். எஸ்.பி.எம். பரீட்சையில் கூடுதல் கணிதத்தில் நல்ல தேர்ச்சி பெற்றால், ஆறாம் படிவம் வழியாகவோ மெட்ரிகுலேஷன் வழியாகவோ மேலே போகலாம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும், தேசியப் பல்கலைக்கழகமான யு.கே.எம்.மிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. பணத்துக்கு 1997-இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள். கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடி உபகாரச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. கேட்க வேண்டும், கேட்காதவருக்கு எதுவும் கிடைக்காது.

இன்னொன்று, ஆங்கிலம். கணக்கில் கெட்டி என்றால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று எண்ணுவது தவறு. நம் இராமானுஜனைப் பாருங்கள். கும்பகோணம் கல்லூரியில் கணிதத்தில் மட்டும் மூழ்கி, மற்றப் பாடங்களில் தேறாமல் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குக் கிராணியாகச் சேர்ந்தார். அவர் மேதை, அதனால் உலகம் அவரைத் தேடி எடுத்துக்கொண்டது. நம் பிள்ளைகள் எல்லோரும் மேதைகள் அல்லர். அந்தப் பரீட்சைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. கணித்ததை மற்றவருக்கு விளங்கும்படி எழுதிச் சொல்வதும் கணிப்பாளரின் வேலையில் பாதி. தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழில் வாய்ப்பாடு சொல்லிப் பழகியவனுக்கும் ஆங்கிலத்தில் வாய்ப்பாடு சொல்லிப் பழகியவனுக்கும் ஏழெட்டு ஐம்பத்தாறுதான்!

கடைசியாக, சங்க மேடையில் இதை ஏன் பேசுகிறேன் என்று சொல்லி முடிக்கிறேன்.

நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டங்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் செத்தார்கள் என்று துரைத்தனத்தார் ஆண்டறிக்கைகளில் எழுதி வைத்தார்கள். நாம் எண்ணப்பட்டோம். பிரட்டுக் களத்தில் நிறுத்தி எண்ணினார்கள். நிறுவைக் கொட்டகையில் எண்ணினார்கள். ஏட்டில் எண்ணினார்கள். எண்ணியவர்கள் வேறு, எண்ணப்பட்டவர்கள் நாம். இன்றைக்குச் சம்பளப் பேச்சு வார்த்தைக்கோ, ஓய்வுகாலப் பணத்தைப் பற்றிய பேச்சுக்கோ உட்காரும்போது, எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கணக்குக் காகிதத்தை நீட்டி, "இதற்கு மேல் கட்டாது, கணக்கு இதுதான்" என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? குரலை உயர்த்துகிறோம். குரல் வேண்டியதுதான். நம் சங்கம் குரலால் வளர்ந்த சங்கம். ஆனால் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, "ஐயா, மூன்றாம் வரியில் நீங்கள் வைத்த வட்டி குறைவு, ஆறாம் வரியில் நீங்கள் வைத்த ஆயுள் பழைய பட்டியல்" என்று நிதானமாகச் சொல்ல ஒருவர் நம் பக்கத்தில் இருந்தால், அந்த ஒரு வார்த்தைக்கு ஆயிரம் குரலின் பலம் உண்டு.

அந்த அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, என் மகள் இதைப் படித்து முடித்தால் நம் பக்கம் வருவாளா, கம்பெனிப் பக்கம் போவாளா?"

நான் பொய் சொல்லவில்லை. "அண்ணே, அநேகமாகக் கம்பெனிக்குத்தான் முதலில் போவாள். சம்பளம் அங்கேதான் இருக்கிறது. கடனும் கட்ட வேண்டும். அது தவறும் அல்ல. ஆனால் பத்துப் பிள்ளைகள் போனால் ஒரு பிள்ளையாவது திரும்பிப் பார்க்கும். ஒரு பிள்ளையும் போகாவிட்டால் திரும்பிப் பார்க்க யார் இருப்பார்கள்?" என்றேன். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை பிரட்டில் என்னைப் பார்த்து, "சரி என்று சொல்லிவிட்டேன்" என்றார். அந்தப் பெண் இப்போது இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவாள்!

தோழர்களே, வெறும் பேச்சோடு நிறுத்திவிடாமல் ஒரு பிரேரணையை உங்கள் முன் வைக்கிறேன். அடுத்த ஞாயிறு முதல், காலை எட்டு மணி தொடங்கிப் பத்து மணி வரை, நம் கிளைக் கட்டடத்தில் மூன்றாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு நடத்துவோம். பலகைக்கும் நாற்காலிக்கும் கிளை நிதியிலிருந்து செலவு செய்ய அனுமதி கேட்கிறேன். ஐந்தாம் படிவக் கணக்கு எனக்கே மறந்துவிட்டது. நானும் பிள்ளைகளோடு பலகையின் முன் உட்கார்ந்து மறுபடி படிக்கப் போகிறேன். பல்கலைக்கழகம் திறக்கும் வரை பாடம் சொல்லிக் கொடுப்பதாகப் பின்வரிசையில் இருக்கும் தங்கை ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

என் தகப்பனாரின் ஏடுகளை இன்னும் வைத்திருக்கிறேன். முதல் வகுப்பில் அவற்றைத்தான் பாடமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த நிதி எந்த ஆண்டில் சரியத் தொடங்கியது, சந்தாவை எவ்வளவு வைத்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று நம் பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்லட்டும். பிரேரணையை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்.